நம்பகம் யாருக்கு?

2025ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. கேகாலை மாவட்டத்து மலையோரச் சிற்றூர் ஒன்றிலே, மறு மாதம் கல்விப் பொதுத் தராதர சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த தோட்டப் பிள்ளைகள் சிலருக்கு நாம் மேலதிக வகுப்பு நடத்திக்கொண்டிருந்தோம். முற்பகல் பதினொரு மணி கடந்து சிறிது நேரத்தில் மண்டபத்து மின்விசிறி நின்றது. மின்சாரம் போவதும் வருவதும் எமது பிள்ளைகளுக்குப் புதிதல்ல. ஆதலால் எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. வீதிக்கு அப்பால் இருந்த கடையின் கூரையை நோக்கியவாறு மாணவன் ஒருவன் மாத்திரம் கேட்டான்: "சேர், வெயில் இந்த அடி அடிக்குது. அந்தக் கூரை முழுக்க சோலார் தகடு. பிறகு ஏன் அந்தக் கடையிலயும் கரண்ட் இல்ல?"

நாம் எமக்குத் தெரிந்த விடையைச் சொன்னோம். பிரதான மின்னிணைப்பு செயலிழந்தால் கூரைத் தகடுகளும் தாமாகவே விலகிவிடும்படி அமைக்கப்பட்டிருக்கின்றன. செத்துப்போன கம்பியென்று எண்ணித் திருத்தவேலை செய்யும் தொழிலாளியின் உயிருக்கு அதனால் ஆபத்து நேரக்கூடாது என்பதே அதன் நோக்கம். மாணவன் தலையசைத்தான். ஆயினும் அவனது கேள்வி எம்மை விட்டு அகலவில்லை. நண்பகற் சூரியன் உச்சியில் நிற்கையிலே இலங்கைத் தீவு முழுவதும் மின்சாரமின்றிக் கிடந்தது என்பதை அன்று பிற்பகலில் அறிந்தபோது, அக்கேள்வி மேலும் விரிந்தது. இயற்கை தன் பங்கைத் தவறாது தந்துகொண்டிருந்த அவ்வேளையில் தவறியது எது? நம்பத்தகாதது என்று நாம் யாரைச் சொல்வது?

பாணந்துறை உப மின் நிலையத்திலே குரங்கொன்று மின்மாற்றியுடன் தொடுகையுற்றதே காரணம் என்று வலுசக்தி அமைச்சர் அன்று கூறினார். நாடு நகைத்தது. பின்னர் இலங்கை மின்சார சபை வேறொரு விளக்கம் தந்தது. ஞாயிற்றுக்கிழமையாதலால் மின்தேவை குறைவு. வெயில் மிகுதியாதலால் சூரிய மின்சாரம் அதிகம். ஆகவே சிறு அதிர்ச்சியையும் தாங்கும் வலிமை அவ்வேளை வலையமைப்புக்கு இருக்கவில்லை என்பது அதன் சாரம். இவ்வாறு பழி குரங்கை விட்டுச் சூரியனைப் பற்றிக்கொண்டது. அந்த அதிர்ச்சியில் நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. அவற்றை உடனே மீள இயக்க முடியவில்லை. அதன் பயனாக 10ஆம், 11ஆம் திகதிகளில் ஒன்றரை மணித்தியால மின்வெட்டு வந்தது. சூரியன் மறுநாட் காலை வழமைபோல் எழுந்தது. நிலக்கரி இயந்திரங்களே எழவில்லை. ஆயினும் "சூரிய சக்தியை நம்பலாமா?" என்பதே ஊரெல்லாம் கேட்கப்பட்ட கேள்வி.

இக்கேள்வியைப் பழித்து ஒதுக்குவது எமது நோக்கமன்று. பொறியியலாளர் சொல்வதிலே உண்மை உண்டு. அவ்வுண்மையை முதலிற் புரிந்துகொள்ளல் வேண்டும். மின்சாரம் நெல்லைப்போலக் குதிரிலே கொட்டி வைக்கத்தக்க பொருளன்று. ஒவ்வொரு கணத்திலும் நாடு எவ்வளவு செலவிடுகின்றதோ அவ்வளவே அக்கணத்தில் உற்பத்தியாதல் வேண்டும். இச்சமநிலை பேணப்படுகின்றதா என்பதைக் காட்டும் நாடித்துடிப்பே மீடிறன் எனப்படுவது. எமது நாட்டில் அது செக்கனுக்கு 50. உற்பத்தி குறைந்தால் அது தாழும், தேவை குறைந்தால் உயரும், எல்லை கடந்தால் ஒவ்வோர் இயந்திரமும் தன்னைக் காத்துக்கொள்ள விலகும், ஒன்று விலக, மற்றவற்றின் மீது சுமை ஏறும், அவையும் விலகும்.

தோட்டத்து மாரியம்மன் கோவிற் தேரை இழுத்தவர்கள் இதனை எளிதில் உணர்வர். ஓடுகின்ற தேரின் வடத்தை ஒரு புறத்தார் சட்டென்று விட்டுவிட்டாலும் தேர் அக்கணமே நின்றுவிடுவதில்லை. அதன் பாரம் அதனைச் சிறிது தூரம் கொண்டுசெல்லும். அதற்கிடையில் வேறு சிலர் ஓடிவந்து வடத்தைப் பற்றிக்கொள்ளலாம். நீராலும் நீராவியாலும் சுழலும் பெரும் இயந்திரங்கள் வலையமைப்புக்கு இத்தகைய பாரத்தைத் தருகின்றன. பௌதிக நூல்கள் இதனைச் சடத்துவம் என்று கூறும். சூரியத் தகட்டிலே சுழல்வது ஒன்றுமில்லை. ஆதலால் அது தரும் மின்சாரத்துடன் இப்பாரம் வருவதில்லை. தகடுகள் பெருகி, சுழலும் இயந்திரங்கள் குறைந்த நண்பகலிலே, நாட்டின் மின்சாரம் பாரங் குறைந்த தேராகிவிடுகின்றது. அயல்நாட்டு வலையமைப்பு எதனோடும் தொடர்பில்லாத தனித்தீவு எமது. ஆதலால் ஓடிவந்து வடம் பிடிக்கப் பக்கத்து ஊரார் எவருமில்லை. இது கட்டுக்கதையன்று. சூரிய சக்திமீது கொண்ட பற்றினால் இதனை மறுப்பவர்கள் அச்சக்திக்கே தீங்கு செய்கிறார்கள்.

ஆயின், உண்மையின் ஒரு பாதியை மாத்திரம் சொல்லி நிறுத்திக்கொள்வதும் ஒருவகைப் பொய்யே. 2020 ஓகஸ்ட் 17ஆம் திகதி கெரவலப்பிட்டிய உப மின் நிலையத்தில் நேர்ந்த தவறால் தீவு முழுவதும் இருண்டது. 2021 டிசெம்பரிலும் 2023 டிசெம்பரிலும் கொத்மலைக்கும் பியகமைக்கும் இடைப்பட்ட பெருமின்கம்பியிலே ஏற்பட்ட கோளாற்றால் நாடு மின்னிழந்தது. இவற்றிலே சூரியத் தகட்டின்மேல் எவரும் பழி சுமத்தவில்லை. 2012 ஜூலை இறுதியில் வட இந்தியா இருண்டபோது, 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் மாநிலங்கள் அதிற் சிக்கின. அன்று இந்திய மின்சாரத்தின் பெரும்பகுதியைத் தந்தது நிலக்கரியே. 2025 ஏப்ரில் 28ஆம் திகதி ஸ்பெயினும் போர்த்துக்கலும் நண்பகலில் மின்னிழந்தபோதும் முதலிற் குற்றஞ்சாட்டப்பட்டது சூரியனே. ஸ்பெயின் அரசின் விசாரணையோ, மின்னழுத்தம் கட்டுமீறி உயர்ந்ததையும், அதனை அடக்கவேண்டிய நிலையங்கள் போதிய அளவு தொழிற்படாமையையும் சுட்டிக்காட்டிற்று. சுருங்கச் சொல்லின், பாரங் குறைந்த தேருக்கு ஏற்ற சக்கரத்தையும் முட்டுக்கட்டையையும் செய்யாமல், தேரின்மேற் குற்றம் சொல்லி ஆவதென்ன?

மேலும், புதுப்பிக்கத்தக்க சக்தி இந்நாட்டுக்குப் புதிய விருந்தாளியுமன்று. 1918ஆம் ஆண்டிலே, நீர்வீழ்ச்சிகளின் வலுவைக் கொண்டு இலங்கை தன் மின்சாரத்தைத் தானே பெறலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர ஆய்வுரை படித்தார். 1931இல் அவரை அரசாங்க சபைக்கு அனுப்பியது எமது இரத்தினபுரித் தொகுதியே. அவர் வாதாடிய லக்ஷபான மின் நிலையம் 1950இலேதான் இயங்கத் தொடங்கிற்று. அதன்பின் 1990களின் நடுப்பகுதி வரை இலங்கையின் மின்சாரத்திற் பெரும்பகுதி மழையிலிருந்தே வந்தது. தேயிலை மலைகளிற் பெய்து, கித்துல்கல வழியாக எமது மாவட்டத்துள் இறங்கிவரும் களனி கங்கையின் நீரே நகரங்களின் விளக்காயிற்று.

மழையும் பொய்த்ததுண்டு. 1996இன் வறட்சியிலே நாளொன்றுக்கு எட்டு மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவியது. கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்த வள்ளுவரின் மொழியைப் பேசும் எமக்கு, மழை பொய்ப்பது அதிசயமன்று. அப்போது ஆட்சியாளர் கண்ட தீர்வு யாது? எண்ணெய், அதன்பின் நிலக்கரி. நம்பகமானது என்ற பெயரால் வந்த இவையும் எமக்குச் செய்தது என்ன? 2022 மார்ச் இறுதியிலே, எண்ணெய் வாங்க டொலர் இல்லாமல், நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் நாடு மின்வெட்டில் ஆழ்ந்தது. மழை பருவத்தை நம்பியிருக்கின்றது. எண்ணெயோ கடன் கொடுப்பவனை நம்பியிருக்கின்றது. சூரியன் மாலையிலே மறையும் என்பதைக் குழந்தையும் அறியும். கடன்காரனின் மனம் எப்போது மாறும் என்பதை நிதியமைச்சரும் அறியார். இவற்றுள் எதனை நம்பகமற்றது என்பது?

ஆகவே ஒவ்வொரு சக்திக்கும் அதனதன் தவறும் இயல்பு உண்டு. நம்பகம் என்பதை வெயிலிலோ நிலக்கரியிலோ தேடுவது வீண். அது மனிதர் தமக்குள்ளே செய்துகொள்ளும் ஏற்பாட்டிலே இருக்கின்றது. இங்கேதான் பொறியியற் கேள்வி அறக் கேள்வியாக மாறுகின்றது.

வலையமைப்பொன்றின் நம்பகத்தை மதிப்பிடும் பொறியியலாளர் இரண்டு கேள்விகளைக் கேட்பர். முதலாவது, போதுமா? அஃதாவது, எல்லா வேளையிலும் எல்லாருடைய தேவைக்கும் ஈடுகொடுக்க உற்பத்தி உண்டா? இரண்டாவது, தாங்குமா? அஃதாவது, எந்த ஓர் இயந்திரமோ கம்பியோ திடீரென வீழ்ந்தாலும் எஞ்சியவை சுமையை ஏற்று நிற்குமா? ஒன்று வீழ்ந்தால் மற்றவை தாங்கவேண்டும் என்பது உலகெங்கும் மின் வலையமைப்புகளின் அடிப்படை விதி. அது பொறியியல் நூலில் இருந்தாலும் நல்லதொரு சமுதாய நெறி என்றே எமக்குத் தோன்றுகின்றது.

ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. தாங்க முடியாத நிலை வரும்போது, முதலிற் கைவிடப்படுவது யார்? மீடிறன் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்தால், முழுவதும் வீழாமற் காக்கும்பொருட்டு, சில பகுதிகளின் இணைப்பைக் கருவிகள் தாமாகவே படிப்படியாக வெட்டிவிடும். கருவி தானாக வெட்டுகின்றது என்பது மெய்யே; எந்தக் கம்பியை முதற்படியிலும் எதனைக் கடைசிப் படியிலும் வைப்பது என்பதையோ மனிதரே தீர்மானிக்கின்றனர். எந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வெட்டு என்று வகுப்பதும் மனிதரே. புயலின்பின் எந்தக் கம்பியை முதலிலே திருத்துவது என்று ஆள் அனுப்புவதும் மனிதரே. இத்தீர்மானங்களிலே ஒரு சமுதாயம் தன் உண்மையான மதிப்பீடுகளை எழுதி வைக்கின்றது.

எமது சப்பிரகமுவைத் தோட்டங்களை நோக்குவோம். எட்டியாந்தோட்டை, தெரணியகலை, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடை எனப் பரந்து கிடக்கும் தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் இலங்கையின் மிகுந்த மழை பெறும் பகுதிகளுள் அடங்குவன. இறப்பர் மரங்களுக்கும் அல்பீசியா மரங்களுக்கும் ஊடாக நெடுந்தூரம் செல்லும் கம்பியின் கடைக்கோடியிலே லயங்கள் இருக்கின்றன. தென்மேற்குப் பருவக் காற்றிலே மரம் விழுந்தால் முதலில் இருள்வது அக்கடைக்கோடி. எமக்குத் தெரிந்த தோட்டமொன்றில் அவ்வாறு மரம் விழுந்தபோது, கீழேயுள்ள தேயிலைத் தொழிற்சாலைக்கு அன்று மாலையே மின்சாரம் வந்துவிட்டது. மேல் லயத்துக்கு நான்காம் நாளே வந்தது. இதற்காக எவரையும் ஏச நாம் முற்படவில்லை. பறித்த கொழுந்து பழுதானால் நட்டம் பெரிது; தொழிலாளியின் வேலையும் அதனோடு பிணைந்தது. தொழிற்சாலைக்கே முதலில் என்ற விதி சரியானதாகவே இருக்கலாம். எனினும் நான்கு நாள் இருளிலிருந்த மேல் லயத்தாரிடம் அவ்விதி பற்றி எவரும் கேட்டதில்லை. அப்படியொரு விதி இருப்பதைக்கூட எவரும் சொன்னதில்லை.

புள்ளிவிபரமும் இங்கே ஒரு திரையாகிவிடுகின்றது. நூறு வீடுகளைக் கொண்ட ஒரு பிரதேசத்தை எண்ணிக்கொள்ளுங்கள். தொண்ணூறு வீடுகளில் மின்வெட்டே இல்லை. எஞ்சிய பத்து லயக் காம்பராக்களிலே பத்து மணித்தியாலம் இருள். சராசரி பார்த்தால், வீடொன்றுக்கு ஒரு மணித்தியாலம். அறிக்கையிலே அது நல்ல எண்ணாகத் தெரியும். ஒரு மணித்தியால இருளை அனுபவித்தவர் என்று அப்பிரதேசத்தில் ஒருவருமே இல்லை. இருந்தும் அந்த எண்ணே "நம்பகம்" என்ற பெயரால் கோவைக்குள் ஏறுகின்றது.

இதனினும் நுட்பமான அநீதி ஒன்றும் உண்டு. மின் உற்பத்தியைத் திட்டமிடுவோர், கொடுக்க முடியாமற்போன மின்சாரத்துக்கு ஒரு விலை குறிப்பர். அலகொன்று வழங்கப்படாவிடின் நாட்டின் பொருளாதாரத்துக்கு இவ்வளவு நட்டம் என்பது அக்கணக்கு. கணக்கிடுவது தவறன்று, கணக்கில்லாமல் திட்டமில்லை. ஆயின் நட்டத்தைப் பணத்தால் மாத்திரம் அளக்கும்போது, அதிகம் செலவிடுபவனின் இருளே பெரிய இருளாகின்றது. இரண்டு மின்குமிழும் ஒரு வானொலியும் உள்ள லயக் காம்பராவிலே மின்சாரம் நின்றால், அந்தக் கணக்கேட்டில் ஏறக்குறைய ஒன்றும் நிகழவில்லை. பரீட்சைக்கு முதல்நாள் இரவு, கைத்தொலைபேசி வெளிச்சத்தில் வரலாற்றுப் பாடம் படித்த சிறுமியின் இழப்பை எழுத அதிலே பத்தியில்லை. அவள் வாங்கும் குறைந்த புள்ளிகள் பின்னர் அவளது "திறமைக்குறைவு" என்று வேறொரு கோவையிலே பதியப்படும். ஆசிரிய நண்பர்களுக்கு நாம் இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வாறு சொல்லும்போது, தோட்டங்களுக்கு மின்சாரமே நேற்று வந்தது என்பதையும் நினைவுகூர வேண்டும். மலையருவியிற் சிறு சுழலியைப் பொருத்தி, அதன் வலுவாலே தொழிற்சாலையை இயக்கிய தோட்டங்கள் வெள்ளைக்காரத் துரைமாரின் காலத்தில் நூற்றுக்கணக்கில் இருந்தன. அருவி இயந்திரத்தைச் சுழற்றியது; துரை பங்களாவில் வெளிச்சம் இருந்தது; லயத்திலே போத்தல் விளக்கு புகைந்தது. பின்னர்த் தேசிய மின்சாரம் வந்தது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளுக்குச் சென்றது. எந்த மாற்றத்திலும் லயத்து விளக்கே கடைசியாக எரிந்தது. இடதுசாரிகளாகிய எமக்கு இதிலே ஒரு பாடம் உண்டு. உடைமை அரசின் கைக்கு மாறினாலே நீதி தானாக வந்துவிடும் என்று நாம் எண்ணியிருந்தோம். மின்சார சபை மக்களின் உடைமையாயிருந்த பல்லாண்டுகளிலும் கடைக்கோடி கடைக்கோடியாகவே இருந்தது. சபையைப் பல நிறுவனங்களாகப் பிரிக்கும் சட்டங்கள் 2024இலும் 2025இலும் வந்தபோது நாம் எதிர்ப்புக் குரல் எழுப்பினோம். எழுப்பவேண்டியதுதான். ஆனால், எதனைக் காக்க எழுப்புகிறோம் என்பதையும் சொல்லல் வேண்டும். கடைசி லயத்தை மறந்த பொது உடைமையைக் காக்கும்படி கடைசி லயத்தாரைக் கேட்பதில் நியாயம் இல்லை.

மாற்று வழி உண்டா? உண்டு என்பதற்கு எமது மாவட்டங்களிலேயே சான்று இருக்கின்றது. 1990களிலே, தேசிய மின்கம்பி எட்டாத இரத்தினபுரி, கேகாலை மலைக் கிராமங்களில், சிங்கள விவசாயிகள் சிற்றருவிகளைக் கொண்டு தமக்கென மின்சாரம் செய்துகொண்டனர். பொறியியலாளர் சிலர் வழிகாட்டினர். கால்வாயை ஊரார் சிரமதானத்தால் வெட்டினர். நிர்வகிக்க மின் நுகர்வோர் சங்கம் அமைத்தனர். உற்பத்தி சில கிலோவாட்டே. ஆகவே வீட்டுக்கு இத்தனை குமிழ், இன்ன நேரத்தில் மின்னழுத்தி போடக்கூடாது எனத் தமக்குள்ளே விதி செய்தனர். விதியை ஒருவன் மீறினால் ஊரின் விளக்கெல்லாம் மங்கும். பேராசை அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. தேசிய வலையமைப்பிலும் நிகழ்வது இதுவே. தூரம் மிகுந்திருப்பதால் எமது கண்ணுக்குத் தெரிவதில்லை. தேசியக் கம்பி வந்தபின் அவற்றுட் பல கைவிடப்பட்டன. கம்பி வந்தது நல்லதே; ஆயின், அளவோடு பகிரக் கற்றிருந்த அந்தச் சங்கங்களின் அநுபவத்தையும் சேர்த்துக் கைவிட்டது நல்லதன்று.

இதற்கும் பழையதொரு மரபு இந்நாட்டிலே உண்டு. வரண்ட பிரதேசக் கிராமங்களில் குளத்து நீர் குறைந்த ஆண்டிலே, குளத்தை அடுத்த வயற்பரப்பை மாத்திரம் பயிரிடுவதெனத் தீர்மானித்து, அப்பரப்பைக் கிராமத்தார் தத்தம் பங்குக்கேற்பத் தற்காலிகமாகப் பிரித்துக்கொள்வர். இதனைப் பெத்ம என்பர். மழை நம்பகமற்றது என்று அவர்கள் மழையைக் கைவிடவில்லை, குளங்கட்டினர், குளமும் போதாத காலத்துக்கென ஒரு நீதியையும் முன்கூட்டியே வகுத்து வைத்தனர். தொலைவயலுக்குரியவன் அந்த ஆண்டிலே வெறுங்கையோடு நிற்கவேண்டியதில்லை. அம்மரபை நாம் பொற்காலமாகப் போற்றவில்லை. நிலமற்றவனுக்கு அதிலே பங்கிருக்கவில்லை என்பதையும் அறிவோம். நிலமற்றவர்களின் வழித்தோன்றல்களாகிய தோட்ட மக்கள் அக்குறையை மறக்கவும் கூடாது. எனினும், பற்றாக்குறை வருமுன்பே அதனைப் பகிரும் விதியை எல்லாரும் அறியச் செய்துகொள்வது என்ற அதன் உட்கருத்தை மின்சாரத்துக்கும் கொள்ளலாம்.

இந்நோக்கிலே 2025 ஏப்ரிலில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். புத்தாண்டு விடுமுறையிலே மின்தேவை வீழ்ச்சியுறும். பெப்ரவரியில் நிகழ்ந்தது மீண்டும் நிகழலாம் என அஞ்சிய மின்சார சபை, கூரைத் தகடு வைத்திருப்போர் பகல் வேளையில் அவற்றைத் தாமாகவே நிறுத்திவைக்குமாறு வேண்டிக்கொண்டது. வருமானம் போகின்றதே என்று தகட்டுக்காரர் குறைப்பட்டனர். அவர்களது குறையிலும் நியாயம் உண்டு. கூரை தோறும் தகடு வையுங்கள் என்று 2016 முதல் ஊக்குவித்த அரசு, அவ்வெயிலைச் சேமித்து வைக்கும் வழியை உடன் செய்யவில்லை. ஆனால் இவ்விவாதத்திலே பங்குகொள்ள முடியாத ஒருவன் இருந்தான். லயத்திலே வாழ்பவனுக்குத் தன் பெயரிலே கூரையில்லை; நிலமில்லை. வெயிலை விற்று வருமானம் பெறும் வாய்ப்பும் இல்லை; அதனை நிறுத்தித் தியாகம் செய்யும் பெருமையும் இல்லை. தலைக்கு மேலே எரிக்கும் அதே வெயிலில் அவன் கொழுந்து பறிக்கிறான், பால் வெட்டுகிறான். அவ்வெயில் அவனுக்கு ஒரு சதமும் தருவதில்லை.

அரநாயக்கவையும் நாவலப்பிட்டியையும் அண்டிய மலைகளிலே, மகா ஓயா நீரேற்று மின் திட்டம் என ஒன்று வகுக்கப்பட்டுள்ளது. 600 மெகாவாட் வலுவுடையது. நண்பகலில் மிஞ்சும் சூரிய மின்சாரத்தைக் கொண்டு கீழ்த் தேக்கத்து நீரை மேல் தேக்கத்துக்கு ஏற்றி, இரவிலே அதனை இறக்கி மின்சாரம் பெறுவது அதன் முறை. பகல் வெயிலை இரவுக்கு வைத்திருக்கும் குளம் என்று அதனைச் சொல்லலாம். நீராற் சுழலும் இயந்திரமாதலால் வலையமைப்புக்கு வேண்டிய பாரத்தையும் அது தரும். சூரியனை நம்பலாமா என்ற கேள்விக்குத் தக்க விடைகளுள் இது ஒன்று. பெரிய மின்கலத் தொகுதிகள் மற்றொன்று. நாம் இவற்றை வரவேற்கிறோம். வரவேற்கும்போதே, அரநாயக்க சாமசர மலை 2016 மே 17ஆம் திகதி சரிந்து நூற்றுக்கு மேற்பட்டோரைக் காவுகொண்டதையும் நினைக்கிறோம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலைச்சரிவுகளில் வாழ்வோரை என்ன செய்தது என்பதையும் கண்டோம். நாட்டின் நம்பகத்துக்காக மலையைக் குடையும்போது, அம்மலையில் வாழ்பவனுக்கு நிலத்தின் உறுதியும் விளக்கின் உறுதியும் சேர்த்துக் கொடுக்கப்படவேண்டும். இல்லாவிடின் துரைமாரின் காலத்து அருவிக் கதையே பெரிய அளவிலே திரும்ப எழுதப்படும்.

எனவே நாம் கேட்பவை சிலவே. நம்பகத்தைச் சராசரியாக மாத்திரம் வெளியிடாமல், கம்பிக்குக் கம்பி, தோட்டத்துக்குத் தோட்டம் வெளியிடுக. வெட்டும் வரிசையையும் திருத்தும் வரிசையையும் முன்கூட்டியே, மூன்று மொழியிலும், மக்கள் அறியச் செய்க. தோட்டப் பாடசாலையின் கூரையிலும் வாசிகசாலையின் கூரையிலும் கூட்டுறவு முறையிலே தகடும் மின்கலமும் வைக்க இடங்கொடுக்க; வலையமைப்பு வீழ்ந்த இரவிலும் பிள்ளைகள் கூடிப் படிக்க ஓர் அறையாவது வெளிச்சமாயிருக்கட்டும். இவற்றுள் எதற்கும் புதிய விஞ்ஞானம் தேவையில்லை. தோட்டத்துத் தமிழ்த் தொழிலாளியும் அயற்கிராமத்துச் சிங்கள விவசாயியும் ஒரே கம்பியின் கடைக்கோடியில் இருப்பவர்கள். இதனை ஒருங்கே கேட்பதற்கு அவர்களுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

பரீட்சை முடிந்த பின்னர் அம்மாணவன் ஒருநாள் எம்மைச் சந்தித்தான். "அப்ப பிழை குரங்கிலயா, சூரியனிலயா சேர்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான். குரங்கும் சூரியனும் எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை என்றோம். "அப்ப வாக்குக் குடுத்தது யாரு?" என்றான். அவ்வினாவை அவனிடமே விட்டுவந்தோம். அவன் உயர்தரத்திலே பௌதிகம் படிக்க விரும்புகிறான். அதற்குத் தமிழ்மொழிமூல வகுப்பு அவனது ஊருக்கு அண்மையில் இல்லை. மின்கம்பியின் கடைக்கோடியும் கல்வியின் கடைக்கோடியும் ஒன்றாகவே இருப்பது தற்செயலன்று. அங்கிருந்து கணக்கெடுக்கத் தொடங்கும் நாளிலேதான், இந்நாட்டின் மின்சாரத்தை மட்டுமன்றி இந்நாட்டையும் நம்பலாம் என்று நாம் அவனுக்குச் சொல்ல முடியும்.